லெனோர்மாண்ட் சீட்டுக்கட்டு: ஒற்றைச் சீட்டு எடுப்பவர்களுக்கு ஏற்றதா?

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற 36 சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படம்: கப்பல், வீடு, பாம்பு, சாவி, கடிதம், எலி. மூலையில் ஓர் எண். குறிசொல்லப் பயன்படும் லெனோர்மாண்ட் கட்டு என்பது இவ்வளவுதான். காலையில் ஒரு சீட்டை உருவி, அதைப் பார்த்ததும் மனதில் எழுவதை வைத்து அன்றைய ஒரு சிக்கலை யோசித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்புரை. ஒன்பது சீட்டு, 36 சீட்டு என்று பரப்பிப் பலன் சொல்கிறவர்கள் இந்தக் கட்டை எடைபோடும் விதமே வேறு. அதற்குள் இங்கே போகவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளுணர்வை வைத்து ஒற்றைச் சீட்டைப் படிக்கப் பழக, இப்போது கிடைக்கிற பெரிய ஆரக்கிள் கட்டுகளைவிட (ஓவியரோ பதிப்பாளரோ தம் விருப்பப்படி அமைக்கும் குறிச்சீட்டுக் கட்டுகள்) இந்தச் சின்னக் கட்டு நல்லது. ஆனால் எழுத்தில்லாத பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

காரணம் எளிது. இன்றைய ஆரக்கிள் கட்டுகளில் பல 44 சீட்டுகள் கொண்டவை. ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் படத்துக்குக் கீழே ‘விட்டுக்கொடு’, ‘பொறுமையாக இரு’ என்பது மாதிரி ஒரு வாசகம் அச்சாகியிருக்கும். படிக்கத் தெரிந்தவரின் கண் எழுத்தைத் தாண்டிப் போகாது. 1935-இல் உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது: சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் எல்லோருக்கும் நாக்கு தடுமாறுகிறது. வாசகம் அச்சான சீட்டிலும் அதுவே நடக்கும். படத்தைப் பார்க்குமுன் வாசகத்தைப் படித்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு மனதில் எழுவதெல்லாம் அந்த வாசகத்துக்கு எழுதும் உரைதான். லெனோர்மாண்ட் சீட்டில் சாவி என்றால் சாவி மட்டும். யாருடைய சாவி, எந்தப் பூட்டுக்கு என்பதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

படங்கள் இப்படிப் பளிச்சென்று இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இவை முதன்மையாக ஜோசியத்துக்காக வரையப்பட்டவை அல்ல. 1799 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில், யோஹான் காஸ்பர் ஹெக்டெல் என்பவர் ‘நம்பிக்கை விளையாட்டு’ என்று ஒன்றை உருவாக்கினார். 36 சீட்டையும் ஆறுக்கு ஆறாக அடுக்கி, இரண்டு பகடையை உருட்டிக் காய் நகர்த்துவார்கள். சில கட்டம் நல்லது, சில கட்டம் கெட்டது. நம்ம பரமபதம் மாதிரிதான். 35-ஆவது கட்டமான நங்கூரத்தில் சரியாகப் போய் நின்றவருக்கு வெற்றி. அதைத் தாண்டி 36-இல் விழுந்தால் சிலுவை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இதன் பிரதி ஒன்று இருக்கிறது. பாரிஸில் பேர்போன குறிசொல்லியாக இருந்த மரீ ஆன் லெனோர்மாண்ட் 1843-இல் இறந்த பிறகு, பதிப்பாளர்கள் அவர் பெயரை இந்தச் சீட்டுகள்மேல் ஒட்டினார்கள். அவர் இவற்றை உருவாக்கவில்லை. பெட்டியில் ‘அந்த அம்மையார் பயன்படுத்திய அசல் கட்டு’ என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது மூன்று வகை கண்ணில் படும். முதல் வகையில் மேல்மூலையில் சின்னதாக ஒரு விளையாட்டுச் சீட்டு அச்சாகியிருக்கும். இரண்டாவதில் அந்த இடத்தில் நாலு வரிப் பாட்டு, ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ. மூன்றாவதில் படமும் எண்ணும் மட்டும். ஒற்றைச் சீட்டுக்கு மூன்றாவது வகைதான் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் முதல் வகை. பாட்டு அச்சான கட்டை வாங்காதீர்கள். அதன் கோளாறும் மேலே சொன்ன வாசகக் கோளாறும் ஒன்றே.

முதல் வகையை எடுக்கிற தமிழ் வாசகர்கள் ஒரு இடத்தில் வழக்கமாகச் சறுக்குவார்கள். இரண்டாம் எண் சீட்டு நாலிலை க்ளோவர் செடி. நாம் சீட்டாட்டத்தில் கிளாவர் என்று சொல்வதும் அதே பெயர்தான். ஆனால் அந்தச் சீட்டின் மூலையில் இருப்பது டைமண்ட் 6. கிளாவர் 6 இருப்பது சிலுவைச் சீட்டில். அதேபோல இதயம் என்ற சீட்டில் ஆட்டின் ஏஸ் இருக்கும் என்று தோன்றும். இருப்பது ஆட்டின் ஜாக்கி. ஏஸ் இருப்பது ஆண் சீட்டில். ஒற்றைச் சீட்டுப் பழக்கத்தில் இந்த மூலைப் படத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதே நல்லது.

கட்டு வாங்குவதற்கு முன்பே இது நமக்குப் பிடிக்குமா என்று பார்க்கவும் வழி உண்டு. வீட்டில் இருக்கிற சாதாரண சீட்டுக்கட்டில் 2, 3, 4, 5 ஆகியவற்றை நான்கு இனத்திலும் எடுத்துவிட்டால், 52-இல் 16 போக மிச்சம் சரியாக 36. ஒவ்வொன்றுக்கும் உரிய லெனோர்மாண்ட் படத்தைச் சின்னத் தாளில் வரைந்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஓவியம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. நீங்களே வரைந்த எலியை வேறு எதற்கும் நீங்கள் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

கடையில் வாங்குவதானால் நான்கு விஷயத்தைப் பாருங்கள். அளவு: பல பதிப்புகள் பிரிட்ஜ் சீட்டு அளவில், சுமார் 57 மில்லிமீட்டர் அகலமும் 89 மில்லிமீட்டர் உயரமுமாக வரும். சின்னக் கைக்கும் கலைக்கச் சுலபம். பூச்சு: அதிக மினுமினுப்பான பூச்சு, கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது இரண்டு சீட்டு சேர்ந்தே நகரும், கலைப்பு சரியாக விழாது. மங்கலான மேட் பூச்சு இங்கே தாங்கும். எண்ணிக்கை: சில புதிய பதிப்புகளில் இரண்டாவது ஆண், இரண்டாவது பெண் என்று கூடுதல் சீட்டு வைக்கிறார்கள். ஒற்றைச் சீட்டுக்கு அவை தேவையில்லை, எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். கடைசியாகப் போலி: படத்தின் ஓரம் மங்கி, வெட்டு கோணலாக, கையேட்டுக்குப் பதில் ஒரு கியூஆர் கோடு மட்டும் வந்திருந்தால் அது திருட்டு அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓவியருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகாது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கட்டு கைக்கு வந்ததும் கையேட்டைப் பிரிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்பது சீட்டு என்று நான்கு நாளில் 36-ஐயும் முடியுங்கள். ஒவ்வொரு சீட்டையும் ஒரு நிமிடம் பார்த்து, முதலில் தோன்றும் ஒரே ஒரு சொல்லை நோட்டில் எண்ணோடு எழுதுங்கள். ஐந்தாம் நாள் கையேட்டைத் திறந்து, மரபான பொருளைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் பயிற்சி வீண். மரபுப் பொருளை ஒருமுறை படித்துவிட்டால் அதைப் படிக்காதது போலப் பார்க்க யாராலும் முடியாது.

இந்த நான்கு நாளில் ஒன்று தெரியவரும்: ஐரோப்பியர்களின் மனப்படமும் நம்முடையதும் எங்கெங்கே பிரிகின்றன என்று. ஏழாம் சீட்டு பாம்பு. மரபில் அது துரோகம், சுற்றி வளைத்தல், போட்டிக்கு வரும் பெண். அரசமரத்தடி நாகர் சிலைக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றிய வீட்டில் வளர்ந்தவருக்கு அதே படம் குழந்தை வரமாகவோ, காவலாகவோ, தீர்க்காமல் விட்ட ஒரு நேர்த்திக்கடனாகவோ தோன்றலாம். 19-ஆம் சீட்டை நாம் கோபுரம் என்றே மொழிபெயர்ப்போம். ஐரோப்பியருக்கு அது தனித்து நிற்கும் காவல் கோபுரம்: அதிகாரம், அரசு அலுவலகம், தனிமை. நமக்குக் கோபுரம் என்றால் கை தானாகக் கும்பிடப் போகும். 17-ஆம் சீட்டின் நாரை அவர்களுக்கு இடமாற்றம், குழந்தை வரவு. நமக்கு நாரை தூது போகும் பறவை. முப்பதாம் சீட்டின் லில்லியை அல்லி என்று எழுதிவிட்டால் இன்னும் தவறு. அல்லி குளத்தில், இரவில், நிலவுக்கு மலர்வது. சீட்டில் இருப்பது தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் வெள்ளைப் பூ. அதற்கு மரபு சொல்வது முதிர்ச்சி, அமைதி, மூத்தவர். லில்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொருள் மோதினால் எதை எடுப்பது? உங்களுக்காக நீங்களே எடுக்கும் ஒற்றைச் சீட்டில் உங்கள் சொல்தான் முன்னே வரும். ஆனால் இடையில் மாற்றக் கூடாது. பாம்பு இன்று காவல், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்மேல் கோபம் வந்தால் துரோகம் என்று ஆக்கினால், நீங்கள் சீட்டைப் படிக்கவில்லை, கோபத்தைத்தான் படிக்கிறீர்கள். சொல்லை மாற்றத்தான் வேண்டும் என்றால், சீட்டு எடுக்காத ஒரு நாளில், நோட்டில் தேதி போட்டு மாற்றுங்கள்.

இனி எடுக்கும் முறை. கேள்வியை எழுதுங்கள், மனதில் நினைத்தால் போதாது, எடுத்த பிறகு சீட்டுக்கு ஏற்றபடி கேள்வி வளைந்துவிடும். ‘கிடைக்குமா’, ‘நடக்குமா’ என்று முடியும் கேள்வியை ‘நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன்’, ‘எப்படித் தொடங்குவது’ என்று மாற்றுங்கள். 36 படத்தில் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு படமும் கிடையாது. பிறகு கலையுங்கள். கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக இறக்கும் நம் வழக்கமான கலைப்பு பக்கத்துச் சீட்டுகளை அதிகம் பிரிக்காது. நேற்று எடுத்த சீட்டை மேலேயே வைத்திருந்தால் அது இன்றும் மேல்பகுதியிலோ அடிப்பகுதியிலோதான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் நேற்றைய சீட்டைக் கட்டின் நடுவில் செருகி, மேசையில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரு கையாலும் அரை நிமிடம் பிசைந்து, திரட்டி, ஒருமுறை வெட்டி, மேல் சீட்டை எடுங்கள். லெனோர்மாண்டில் தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பொருள் இல்லை. தலைகீழாக வந்தால் நிமிர்த்திவிட்டுப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கண் முதலில் படத்தின் எந்த இடத்துக்குப் போனது? அந்த நொடியில் உடம்பில் என்ன நடந்தது: மூச்சு இறுகியதா, தோள் தளர்ந்ததா, ஒன்றுமே இல்லையா? இந்தப் படம் அசைந்தால் அடுத்து என்ன நடக்கும்? மூன்றுக்கும் ஒவ்வொரு வரி. அதற்குப் பிறகுதான் நோட்டின் பழைய சொல்லையும் மரபுப் பொருளையும் பார்க்க வேண்டும். கடைசி வரியில், இன்று செய்யக்கூடிய ஒரு காரியம். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அன்றைக்குச் சீட்டு ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அப்படியும் நாட்கள் வரும்.

ஒரு மாதிரியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். கேள்வி: ‘அக்காவிடம் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும், எப்படித் தொடங்குவது?’ வந்த சீட்டு 21, மலை. கையேட்டைத் திறந்தால் தடை, தாமதம், எதிரி என்று இருக்கும். அதை முதலில் படித்தவர் ‘கேட்காதே என்று வந்துவிட்டது’ என்று கட்டை மூடிவிடுவார். படத்தை முதலில் பார்த்தவரின் கண், மலை உச்சிக்குப் போகாமல் அடிவாரத்தில் இருக்கிற சின்னப் பாதைக்குப் போகிறது. எழுதுகிற சொல் ‘தூரம்’. உடம்பில் லேசான அலுப்பு, பயம் இல்லை. படம் அசைந்தால் யாரோ நடக்கத் தொடங்குகிறார்கள். இப்போது கேள்விக்குத் திரும்பினால், அக்கா வீட்டுக்குப் போயே பல மாதம் ஆகிறது என்பது நினைவுக்கு வருகிறது, பேச்செல்லாம் போனில்தான். இன்றைய காரியம்: பணத்தைப் பற்றிப் பேசாமல், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் அக்காவிடம் சொல்வது. மலைக்குத் தடை என்ற பொருளும் இதில் எங்கும் பொய்யாகவில்லை. தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பிடிக்காத சீட்டு வந்தால் மறுபடி எடுப்பதுதான் இந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் கெடுப்பது. ‘விளக்கத்துக்கு இன்னொன்று’ என்று எடுக்கும் இரண்டாம் சீட்டும் பெரும்பாலும் அதேதான். ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு. நிலைமை மாறினாலன்றி அதே கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது. கிளி ஜோசியரிடம் போனால் கிளி ஒரு சீட்டைத்தான் இழுத்துப் போடும், பிடிக்கவில்லை என்று கிளியை இரண்டாம் தடவை வெளியே விடச் சொல்ல மாட்டோம். தனியாக உட்கார்ந்து எடுக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே சீட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று கலங்குகிறவர்களும் நிறைய. கணக்கைப் பாருங்கள். தினமும் 36-இலிருந்து ஒன்று எடுத்து உள்ளே வைத்தால், ஏழு நாளில் ஏதாவது ஒரு சீட்டு இருமுறை வர சுமார் 46 சதவீதம் வாய்ப்பு. எட்டாம் நாளில் அது 57 சதவீதம் ஆகிவிடும். முப்பது நாள் எடுத்தாலும் சராசரியாக 20 அல்லது 21 வேறு வேறு சீட்டுகளைத்தான் பார்த்திருப்பீர்கள். மிச்சம் 15 முகமே காட்டியிருக்காது. எலிச் சீட்டு ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்ததில் அதிசயமும் இல்லை, அபசகுனமும் இல்லை.

இன்னொன்று, எதைச் சொன்னாலும் நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது. 1948-இல் உளவியல் ஆசிரியர் பெர்ட்ரம் ஃபோரர், தன் 39 மாணவர்களிடம் ‘இது உன் குணநலன் பற்றிய தனிக் கணிப்பு’ என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னபோது வந்த சராசரி, ஐந்துக்கு 4.26. உங்கள் வாசிப்பும் அந்தத் தாள் மாதிரி ஆகிவிட்டதா என்று நீங்களே சோதிக்கலாம். மாதக் கடைசியில் பத்து நாளின் வாசிப்புகளை, கேள்வியும் சீட்டுப் பெயரும் இல்லாமல், தனித்தனித் துண்டுத்தாளில் எழுதிக் கலந்துவிடுங்கள். பத்துக் கேள்விகளையும் வரிசையாக வைத்து எது எதற்கு என்று பொருத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலும் சராசரியாக ஒன்று சரியாக விழும். ஐந்து ஆறு விழுந்தால் உங்கள் வாசிப்பு கேள்வியைத் தொட்டிருக்கிறது. ஒன்று இரண்டுதான் என்றால், ‘பொறுமை தேவை’, ‘நல்லதே நடக்கும்’ என்று எங்கும் ஒட்டுகிற வாக்கியங்களை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரு பெயரோ, இடமோ, கிழமையோ கட்டாயம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டின் குறை ஒன்றை மறைக்கக் கூடாது. லெனோர்மாண்ட் மரபில் சீட்டுகள் பக்கத்துச் சீட்டோடு சேர்ந்துதான் பேசும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாவி வந்தால் ஒன்று, மோதிரம் வந்தால் வேறு. தனியாக வரும்போது எட்டாம் சீட்டு சவப்பெட்டி, பத்தாம் சீட்டு அரிவாள், 36 சிலுவை ஆகியவை பயமுறுத்தும்; மென்மையாக்கப் பக்கத்தில் எதுவும் இருக்காது. சவப்பெட்டிக்கு மரபு சொல்வது ஒன்றின் முடிவு, சில சமயம் நோய். ஒற்றைச் சீட்டில் அதை ‘மூடி வைக்க வேண்டியது எது’ என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டால் பயனுண்டு. ஆனால் உடம்பு சரியில்லாதபோது, ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும்போது, வீட்டில் சாவு நடந்த வாரத்தில் கட்டைத் தொடாதீர்கள். மருந்து, வழக்கு, கடன் ஆகியவற்றுக்கு மருத்துவர், வக்கீல், வங்கிக் கணக்குப் புத்தகம் இருக்கின்றன. எளிதில் கலங்கும் மனநிலையில் இருப்பவருக்குப் பரிசாகவும் இந்தக் கட்டைத் தர வேண்டாம். அவருக்கு, பயமுறுத்தும் படமே இல்லாத மென்மையான 44 சீட்டுக் கட்டு ஒன்றைக் கொடுங்கள், வாசகம் இருந்தாலும் பரவாயில்லை.

ஆண், பெண் சீட்டுகளும் ஒற்றையாக வந்தால் சற்று மொட்டையாக நிற்கும். மரபில் அவை கேட்பவரையோ அவர் துணையையோ குறிப்பவை. தனியாக வந்தால் ‘இந்தக் கேள்வியில் யார் முகம் தோன்றுகிறது’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அந்தப் பெயரை எழுதிவிட்டு நிறுத்துங்கள். மேலே கதை கட்டாதீர்கள்.

கையேடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுத்து பொடி, விளக்கம் இரண்டு வரி. இந்தப் பயன்பாட்டுக்கு அது குறைவுமில்லை.

கட்டை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளம் சீட்டின் முதுகில் இருக்கிறது. தினமும் பிசைந்து கலைப்பதில் ஓரங்கள் மழுங்கி, ஏதோ ஒரு சீட்டின் மூலை மட்டும் மடங்கும். கவிழ்ந்து கிடக்கும்போதே ‘அது அரிவாள்’ என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால், கை தானாக அதைத் தவிர்க்கும். அன்றே அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள், அல்லது 36-ஐயும் ஒரே மாதிரி உறைகளில் போடுங்கள். பிரிட்ஜ் அளவு உறைகள் தனியாகக் கிடைக்கின்றன. உறை போட்ட கட்டு தடித்துவிடுவதால் பழைய பெட்டிக்குள் நுழையாது. துணிப்பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.